சாம்பலா, ஸ்லாக்கா: உங்கள் கான்கிரீட்டுக்கு எது?

சிமெண்ட்டில் சுற்றுச்சூழலைக் கெடுக்கும் பகுதி கிளிங்கர். சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரியில் சுட்டுத்தான் அதை எடுக்கிறார்கள். வெளியேறும் கார்பன் டை ஆக்சைடில் பெரும்பங்கு அந்தக் கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. எரிபொருளை மாற்றினாலும் அந்தப் பங்கு குறையாது. கிளிங்கரைக் குறைப்பதுதான் வழி. அதற்கு எளிதாகக் கிடைக்கும் கழிவுகள் இரண்டு: அனல் மின் நிலையச் சாம்பல், இரும்பாலைக் கசடான ஸ்லாக்.

சாம்பல் நமக்குப் பழக்கமானதுதான். கடையில் பிபிசி (PPC, போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்ட்) என்று கேட்டு வாங்கும் மூட்டையில் 15 முதல் 35 சதவீதம் வரை இருப்பது இதுவே. துகள்கள் உருண்டையாக இருப்பதால் குறைந்த தண்ணீரிலேயே கலவை நன்றாக இளகி ஓடும்; கம்பி நெருக்கமான பீம் சந்திப்பிலும் இறங்கும். ஆனால் தானாக இறுகாது. சிமெண்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்போடு சேர்ந்துதான் மெல்ல வலு பெறும். குட்டையில் கொட்டிய ஈரச் சாம்பலும் சிமெண்ட்டுக்குச் சரிவராது, புகைபோக்கிக்கு முன்பே பிடிக்கும் உலர் சாம்பல்தான் வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீனவர்கள் படும் பாட்டைப் பார்த்தால், உலர்வாகப் பிடித்து சிமெண்ட்டில் சேரும் ஒவ்வொரு டன்னும் முக்கியம் என்பது புரியும்.

ஸ்லாக்கின் கதை வேறு. ஊதுலையிலிருந்து வரும் உருகிய கசடில் தண்ணீரைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால் மணல் போன்ற கண்ணாடித் துகள் கிடைக்கும். மெதுவாக ஆறவிட்டால் ஜல்லிக்குத்தான் ஆகும். துகளை நைசாக அரைத்தால் அதற்கே இறுகும் குணம் உண்டு. சிமெண்ட் தூண்டிவிட்டால் போதும். அதனால்தான் ஸ்லாக் சிமெண்ட்டில் 25 முதல் 70 சதவீதம் வரை கசடு சேர்க்க இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிப்பதையும் இது நன்றாகத் தடுக்கும். சென்ட்ரிங் பிரித்ததும் கான்கிரீட் நீலப்பச்சையாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம், காற்றுப் பட்டால் நாளடைவில் மங்கிவிடும்.

அப்படியானால் எல்லா இடத்திலும் ஸ்லாக்தானா? இல்லை என்பேன். நல்ல ஸ்லாக்கில் பெரும்பகுதி ஏற்கெனவே சிமெண்ட்டுக்குப் போய்விடுகிறது. நீங்கள் கூடுதலாக வாங்கினால் இன்னொருவருக்குக் குறையும், அவ்வளவுதான். சாம்பல் அப்படியல்ல, உலர்வாகப் பிடித்துப் பயன்படுத்தாதது இன்னும் குட்டைகளில்தான் போய் மலையாகக் குவிகிறது. ஆகவே உப்பு இல்லாத ஊரில் சாம்பல் சிமெண்ட்டே சரி. மதுரையிலோ திருச்சியிலோ சாதாரண வீட்டுக்கு ஸ்லாக் தேடி அலைய வேண்டியதில்லை.

எதை எடுத்தாலும், கான்கிரீட் போட்டபின் தண்ணீர் விட்டு நனைப்பதில் (க்யூரிங்) கஞ்சத்தனம் கூடாது. சாதா சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், வெயில் காய்ந்தால் 10 நாள்; சாம்பலோ ஸ்லாக்கோ சேர்ந்த கலப்பு சிமெண்ட்டுக்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம், தூணைத்தான் மறந்துவிடுகிறோம். அதற்கு ஈரச் சாக்கைச் சுற்றுங்கள். சைட்டில் சாம்பலைத் தனியாக வாங்கிக் கண்ணளவில் கொட்டிக் கலப்பதும் வேண்டாம்.

கடற்கரையோரம் கட்டுபவர்களுக்கு என் தேர்வு: அஸ்திவாரம், தூண், பீம், தளத்துக்கு ஸ்லாக் சிமெண்ட், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் கவர், அஸ்திவாரத்தில் மட்டும் 50 மி.மீ. செங்கல் கட்டுக்கும் பூச்சுக்கும் பிபிசியே போதும்.