அடுப்பின்மேல் சுழலும் உருளை: வீட்டில் காப்பிக்கொட்டை வறுத்த மூன்று மாதங்கள்

பச்சைக் காப்பிக்கொட்டையை வீட்டிலேயே வறுத்துப் பொடித்துக் குடிப்பது நம் பக்கத்தில் புதிய வழக்கமன்று. கரியடுப்பின்மேல் இரும்பு உருளையைச் சுற்றிச் சுற்றி வறுத்து, மேசை விளிம்பில் திருகிப் பொருத்திய கை மிஷினில் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொண்ட வீடுகளுள் என் தாத்தா வீடும் ஒன்று. அந்த உருளை எப்போதோ பழைய இரும்போடு போய்விட்டது. சென்ற கார்த்திகையில், கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்று செய்து விற்கும் எவர்சில்வர் உருளையை 3,800 ரூபாய்க்கு வாங்கினேன். எரிவாயு அடுப்பின்மேல் வைத்துக் கையால் சுற்ற வேண்டிய கருவி இது. ஏறத்தாழ முப்பது முறை வறுத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

கருவி எளிமையானது. அடுப்பை அணைத்தாற்போல் நிற்கும் தாங்கியின்மேல் துளையிட்ட உருளை படுத்திருக்கிறது. ஒரு முனையில் கொக்கியிட்ட கதவு, மறுமுனையில் மரப்பிடி போட்ட கைப்பிடி, உள்ளே கொட்டையை அள்ளிப் புரட்டிவிட இரண்டு தகடுகள். ஒரு முறைக்கு 250 கிராம் வறுக்கலாம் என்கிறார்கள். அந்த அளவில் மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் ஒரே ஈட்டில் கருத்த கொட்டையும் வெளிறிய கொட்டையும் கலந்தே வந்தன. தகடுகள் அத்தனை கொட்டையை அள்ளித் தூக்க முடியாமல், கொட்டைகள் அடியில் குவியலாகவே சறுக்கிக்கொண்டிருப்பதுதான் காரணம். 150 கிராமுக்குக் குறைத்ததும் வறுவல் சீரானது. வாங்குபவர்கள் இதை 150 கிராம் உருளையாகவே கருதிக்கொள்வது நல்லது.

இதற்கு முன் இரும்பு வாணலியில் வறுத்து வந்தேன். வாணலியில் தொட்ட இடத்தில் மட்டுமே சூடு ஏறும். பிளாண்டேஷன் ஏ (சதை நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகையில் பெரிய கொட்டைத் தரம்) போன்ற தட்டைக் கொட்டை தன் தட்டைப் பக்கத்தில் படுத்துக்கொண்டு அங்கே மட்டும் கருகிவிடும். பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒற்றை விதையாக வளர்ந்து உருண்டுபோன பீபெரி, வாணலியிலும் ஓரளவு நன்றாக வறுபடும். உருளையிலோ துளைகளின் வழியே வெப்பக்காற்றும் உள்ளே போவதால், தட்டைக் கொட்டையும் பீபெரிக்கு இணையான ஒரே நிறத்துக்கு வருகிறது. கொடுத்த விலைக்கு இந்த ஒரு பயனே போதும் என்பது என் கருத்து.

பெரும்பாலும் ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றின் பிளாண்டேஷன் ஏ கொட்டையைத்தான் வறுத்தேன். வெறும் உருளையை இரண்டு நிமிடம் நடுத்தர தீயில் சூடாக்கிய பின் கொட்டையைப் போட்டு, நிமிடத்துக்கு ஐம்பது சுற்று என்ற கணக்கில் சுற்ற வேண்டும். முதலில் பச்சைப் புல்லின் வாடை வரும். நான்கைந்து நிமிடத்தில் கொட்டை மஞ்சளாகி வைக்கோல் மணம் எழும். பிறகு பழுப்பேறி, அடுமனையில் ரொட்டி வேகும் மணமாக அது மாறும். ஒன்பதாவது நிமிடத்தை ஒட்டிச் சோளம் பொரிவதுபோல் படபடவென ஓசை கேட்கும். கொட்டைக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி உள்ளிருந்து அழுத்த, அந்த அழுத்தம் தாளாமல் கொட்டை விரிந்து வெடிக்கும் முதல் வெடிப்பு அது. கொட்டையின் சூடு அப்போது ஏறத்தாழ 200 பாகையை நெருங்கியிருக்கும். அது அடங்கிச் சற்றுப் பொறுத்தால், எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் மெல்லிய, வேகமான இரண்டாம் வெடிப்பு தொடங்கும். இந்த இரண்டு ஓசைகளுக்கும் நடுவில் எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் காப்பியின் சுவை முழுவதும் அடங்கியிருக்கிறது. உருளைக்குள் எட்டிப் பார்க்க வழியில்லாததால் காதையும் மூக்கையுமே நம்ப வேண்டியிருக்கிறது. ஆகவே வறுக்கும்போது புகைபோக்கி விசிறியை ஓடவிடாமல் சன்னலை மட்டும் திறந்துவைத்தேன்; விசிறியின் இரைச்சலில் இரண்டாம் வெடிப்பு காதில் விழுவதே இல்லை.

கருவியின் பெருங்குறை அடுப்பை அணைத்த பிறகுதான் தெரிய வருகிறது. கொட்டை தன் சூட்டிலேயே மேலும் வறுபட்டுக்கொண்டிருக்கும் என்பதால், நொடிப்பொழுதும் தாமதிக்காமல் கொட்டி ஆறவைக்க வேண்டும். ஆனால் கதவின் கொக்கி அந்தச் சூட்டில் இறுகிக்கொள்கிறது. துணியைப் பிடித்துக்கொண்டு கொக்கியை நெம்பித் திறப்பதற்குள் அரை நிமிடம் போய்விட, நான் விரும்பிய நடுத்தர வறுவல் இரண்டு முறை கருவறுவலாகிவிட்டது. பிறகு தெருமுனை லேத் பட்டறையில் கொக்கியின் நுனியைச் சற்று அராவி வாங்கினேன். இப்போது ஒரே தட்டில் திறக்கிறது. இந்தச் சிறு வேலையை விற்பவர்களே செய்து தந்திருக்க வேண்டும். ஆறவைக்க மூங்கில் முறம்தான் சிறந்தது: மின்விசிறிக்கு எதிரே நின்று புடைத்தால் மூன்று நிமிடத்தில் கொட்டை ஆறிவிடும், ஒட்டியிருக்கும் வெள்ளித்தோலும் பறந்துவிடும். அந்தத் தோலின் ஒரு பகுதி வறுக்கும்போதே துளைகள் வழியே பர்னரில் விழுந்து பொறி பறக்கும். பக்கத்தில் துணியோ காகிதமோ இருக்கக் கூடாது.

ஒரே கொட்டையை மூன்று விதமாக வறுத்துத் தனித்தனியே பில்டரில் இறக்கிச் சுவைத்தேன். முதல் வெடிப்பு அடங்கியவுடன் எடுத்ததில், பால் சேர்க்காத டிகாக்‌ஷன் நாரத்தைச் சாயலில் இனிய புளிப்போடு இருந்தது. பாலைச் சேர்த்ததும் அந்தப் புளிப்பு பாலோடு ஒத்துப்போகாமல் தனித்து நின்றது. இரண்டாம் வெடிப்பு முற்றும்வரை விட்டதில் கொட்டையில் எண்ணெய் பளபளத்தது. குடித்தால் கசப்பும் புகைநெடியுமே மிஞ்சின, எந்தத் தோட்டத்துக் கொட்டையானாலும் அந்த நிலையில் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று தோன்றியது. முதல் வெடிப்பு அடங்கி இரண்டரை நிமிடம் கழித்து, இரண்டாம் வெடிப்பின் முதல் ஓசை எழும் முன்பே எடுத்ததுதான் டபரா டம்ளருக்கு உரியது: வெல்லப்பாகின் இனிப்பு, வறுத்த முந்திரியின் மணம், நாவின் ஓரத்தில் மட்டும் தட்டுப்படும் புளிப்பு. இந்த வறுவலில் 150 கிராம் பச்சைக்கொட்டை 126 கிராமாகக் குறைந்தது.

வறுத்த அன்றே குடிக்க அவசரப்பட வேண்டாம். புதுக்கொட்டையில் அடைபட்ட கரியமில வாயு வெந்நீர் பட்டதும் பொடியை நுரைத்து எழச் செய்வதால் டிகாக்‌ஷன் சீராக இறங்குவதில்லை. மூன்றாம் நாள் தொடங்கிப் பத்தாம் நாள்வரை என் நாவுக்கு மிகச் சிறப்பாக இருந்தது.

குடகிலிருந்து வரும் ரோபஸ்டா பார்ச்மென்டையும், அதாவது கழுவிப் பதப்படுத்திய ரோபஸ்டா வகைக் கொட்டையையும், வறுத்தேன். அதை அராபிகாவோடு சேர்த்து உருளையில் போடக் கூடாது. இரண்டும் வெவ்வேறு நேரத்தில் பக்குவமாவதால் தனித்தனியே வறுத்து, பிறகு கலக்க வேண்டும். அராபிகா மூன்று பங்கு, ரோபஸ்டா ஒரு பங்கு என்ற கலவையில் டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்கியது; சிக்கரியைத் தேடவே தோன்றவில்லை. காப்பி சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதம் இருந்தாலே போதும் என்று நம் உணவுச் சட்டம் விட்டிருப்பதை எண்ணும்போது, என் டம்ளரில் இருப்பது முழுக்கக் காப்பியே என்பது எனக்குப் பெரும் நிறைவு.

பணம் மிச்சமாகும் என்று எண்ணி இதை வாங்க வேண்டாம்; எடை இழப்பையும் எரிவாயுவையும் சேர்த்துக் கணக்கிட்டால், கடையில் வறுத்து அரைத்துத் தரும் பொடிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. சன்னல் இல்லாத சமையலறைக்கும், பதினைந்து நிமிடம் இடைவிடாது கைப்பிடியைச் சுற்ற இயலாத மூட்டுவலிக்காரர்களுக்கும் இது உதவாது. மற்றவர்கள் வாங்கலாம். வாங்கியதும் கொக்கியைச் சரிசெய்துகொண்டு, முதல் மூன்று ஈடுகளுக்கு விலை குறைந்த ரோபஸ்டா செர்ரியை (கழுவாமல் பழத்தோடு உலர்த்தி எடுத்த கொட்டை) போட்டு இரண்டு வெடிப்புகளையும் காதுக்குப் பழக்கிய பின், நல்ல பிளாண்டேஷன் கொட்டையை எடுங்கள்.