கார்டை வெளியில் எடு, சென்டரை வீட்டில் வளர்

அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தில் பயிற்சியாளருக்கு உண்மையான பரீட்சை ஏப்ரலில்தான் வருகிறது. சாம்பியன்ஷிப் முடிந்த கையோடு அடுத்த வருடத்து அணியைத் திரட்டியாக வேண்டும். ஆடத் தகுதியான ஆண்டுகள் முடிந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். நன்றாக ஆடியவர்கள் தொழில்முறை லீக்கான என்பிஏ பக்கம் போவார்கள். பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவர்கள் வேறு கல்லூரி தேடுவார்கள். மிஞ்சுவது சில சமயம் ஐந்தாறு பேர், சில சமயம் அதுவும் இல்லை. காலி இடங்களைப் பள்ளி முடித்து வரும் பையன்களை வைத்து நிரப்புவதா, ஏற்கெனவே வேறு கல்லூரியில் ஆடிக்கொண்டிருப்பவர்களைக் கூட்டி வருவதா? சில வருடங்களாகச் சாம்பியன்ஷிப்பின் மார்ச் மாத ஆட்டங்களைத் தூக்கத்தைத் தொலைத்துப் பார்த்து வருகிறேன். எனக்கு இதில் ஒரு தெளிவான பதில் கிடைத்திருப்பதாகவே நினைக்கிறேன்: பந்தை எடுத்து வந்து வெளியிலிருந்து எறியும் கார்டை வேறு கல்லூரியிலிருந்து எடு, கூடைக்கு அடியில் நிற்கும் உயரமான சென்டரைப் பள்ளியிலிருந்தே எடுத்து வளர்.

முன்பு இந்தக் கேள்வியே பெரிதாக எழவில்லை. கல்லூரி மாறினால் ஒரு சீசன் ஆடாமல் சும்மா உட்கார வேண்டும் என்பது விதி. அதற்குப் பயந்தே பலர் மாறவில்லை. 2018 அக்டோபரில், மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் இணையப் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021 ஏப்ரலில், ஒரு முறை மாறினால் உடனே ஆடலாம் என்று கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அனுமதித்தது. அதே ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம் என்றானது. 2024 ஏப்ரலில், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று கடைசிப் பூட்டும் திறந்துவிட்டது. 2025 வசந்தத்தில் மிக உயர்ந்த மட்டமான ஆண்கள் முதல் பிரிவில் மட்டும் 2,000க்கும் மேற்பட்டவர்கள் போர்ட்டலில் பெயர் கொடுத்தார்கள். அணிகளோ 360 சொச்சம்தான்.

முதல் வழி எல்லாருக்கும் தெரிந்தது: நாட்டின் தலைசிறந்த பள்ளி வீரர்களைப் பிடி, ஒரே வருடம் ஆடவை, என்பிஏவுக்கு அனுப்பு, மறுபடியும் புதியவர்களைப் பிடி. பயிற்சியாளர் ஜான் கலிபாரியின் கென்டக்கி 2012இல் அந்தோனி டேவிஸை வைத்து இப்படித்தான் கோப்பை வாங்கியது. 2015இல் டியூக்கும் அப்படித்தான். அன்று எதிரணிகளிலும் இளைஞர்கள் நிறைய இருந்ததால் இது எடுபட்டது. இன்று எதிரே நிற்பவருக்கு 22, 23 வயது. 2024 மார்ச்சில் கென்டக்கியில் ரீட் ஷெப்பர்ட், ராப் டில்லிங்ஹாம் என்று இரண்டு முதலாண்டு மாணவர்கள் இருந்தார்கள். அந்த ஜூனிலேயே இருவரும், என்பிஏ அணிகள் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் எட்டு இடங்களுக்குள் போனார்கள். அந்த அணியை 14ஆம் தரவரிசை (சாம்பியன்ஷிப்பில் 16தான் கடைசி) ஓக்லண்ட் 80-76 என்று வீட்டுக்கு அனுப்பியது. வெளிவட்டத்துக்கு அப்பாலிருந்து எறியும் மூன்று-புள்ளிக் கூடைகளைப் பத்து முறை போட்ட ஜாக் கோல்கி, இரண்டாம் பிரிவுக் கல்லூரி ஒன்றிலிருந்து மாறி வந்தவர்.

இதைவிடத் தெளிவான பாடம் 2025 அரையிறுதி. டியூக்கில் கூப்பர் ஃபிளாக் இருந்தார். அந்த ஆண்டு டிராஃப்டில் முதல் ஆளாகப் போனவர். அவரோடு ஆடிய இன்னும் இரண்டு முதலாண்டு மாணவர்களும் முதல் பத்துக்குள் போனார்கள். எட்டு நிமிடம் இருக்கும்போது 14 புள்ளி முன்னிலை. ஹூஸ்டன் 70-67 என்று அதைக் கவிழ்த்தது. கடைசி நொடிகளில் முன்னிலை தந்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டவர் ஜேவான் ராபர்ட்ஸ். பதில் கூடைக்கு ஃபிளாக் எழும்பியபோது கையை உயர்த்தி எதிரே நின்றவரும் அவரே. ஹூஸ்டனில் அது அவருக்கு ஆறாவது வருடம். 18 வயதுப் பையனிடம் திறமை எவ்வளவும் இருக்கலாம். அந்த ஆறு வருடத்தை அவனிடம் எப்படிக் கேட்பது?

சரி, அப்படியானால் எல்லாரையும் மூத்தவர்களாகவே வாங்கிவிடலாமே? 2024இல் கலிபாரி ஆர்கன்சாவுக்குப் போனதும் கென்டக்கிக்குப் பயிற்சியாளராக வந்த மார்க் போப் அதைத்தான் செய்தார். வேறு வழியும் இல்லை, முந்தைய அணியில் உதவித்தொகை பெற்ற ஒருவர்கூட மிஞ்சவில்லை. டேட்டன், டிரெக்சல், சான் டியேகோ ஸ்டேட், வேக் ஃபாரஸ்ட் என்று பல ஊர்களிலிருந்து ஆட்களைச் சேர்த்தார். பல வருடம் ஆடிப் பழகியவர்கள் என்பதால் பந்தை அழகாகப் பகிர்ந்தார்கள். காயங்கள் படுத்திய சீசனிலும் கடைசி 16 வரை போனார்கள், டென்னசியிடம் 78-65 என்று தோற்றார்கள். ஒட்டுமொத்தமாகப் புதிய அணிக்கு அது நல்ல கணக்குதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வசந்தத்திலேயே முக்கியமான பலருக்கு ஆடத் தகுதியான வருடங்கள் தீர்ந்துவிட்டன. போப் மறுபடி கடைக்குப் போக வேண்டியதாயிற்று. ஒவ்வொரு வருடமும் வீட்டை இடித்துக் கட்டுகிறவருக்கு, போன வருடம் கற்றுக்கொடுத்தது எதுவும் அடுத்த வருடம் கைகொடுக்காது.

இதற்கு நேர் எதிர் பர்டூ. அதன் பயிற்சியாளர் மேட் பெயின்டர் பள்ளியிலிருந்து எடுப்பார், தேவைப்பட்டால் ஒரு வருடம் ஆடவைக்காமலே வைத்திருப்பார், பொறுமையாக வளர்ப்பார். டொராண்டோவிலிருந்து வந்த ஏழடி நான்கு அங்குல ஸாக் ஈடியைப் பள்ளியில் யாரும் பெரிய நட்சத்திரமாகப் பார்க்கவில்லை. நான்காம் ஆண்டில் அவர் ஆட்டத்துக்கு 25 புள்ளி எடுத்தார், நாட்டின் சிறந்த வீரர் விருதைத் தொடர்ந்து இரண்டாம் முறை வாங்கினார். அதற்கிடையில் 2023 மார்ச்சில் 16ஆம் தரவரிசை ஃபேர்லீ டிக்கின்சனிடம் 63-58 என்று தோற்ற அவமானம் இருக்கிறது. பந்தை எடுத்து வரவேண்டிய பிரேடன் ஸ்மித், ஃபிளெட்சர் லாயர் இருவரும் அன்று முதலாண்டு மாணவர்கள். குள்ளமான, வேகமான எதிரணி நெருக்கியதில் திணறிப்போனார்கள்.

அடுத்து பெயின்டர் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பதறி அணியைக் கலைக்கவில்லை. போர்ட்டலிலிருந்து ஒரே ஒருவரை எடுத்தார்: சதர்ன் இல்லினாயில் நான்கு வருடம் ஆடிய லான்ஸ் ஜோன்ஸ். வேகமான கார்டு, எதிரணிக் கார்டை ஒட்டிக்கொண்டே நிற்பவர். ஓட்டை எங்கே இருந்ததோ அங்கே மட்டும் அடைத்தார். மறு வருடம் பர்டூ இறுதிப்போட்டியில் நின்றது.

அங்கே அவர்களை 75-60 என்று வென்ற கனெக்டிகட்டைக் கவனியுங்கள். ஈடி 37 புள்ளி எடுத்தார். ஆனால் பர்டூ முழு ஆட்டத்திலும் போட்டது ஒரே ஒரு மூன்று-புள்ளிக் கூடை. கனெக்டிகட்டின் கார்டுகள் வெளிவட்டத்தையே பூட்டிவிட்டார்கள். அவர்களில் 20 புள்ளி எடுத்த டிரிஸ்டன் நியூட்டன் ஈஸ்ட் கரோலினாவிலிருந்து வந்தவர், கேம் ஸ்பென்சர் ரட்கர்ஸிலிருந்து வந்தவர். நடுவில் நின்ற டோனவன் கிளிங்கன் உள்ளூர்ப் பையன், பள்ளியிலிருந்தே எடுத்தது. (ஸ்டெஃபான் காசில் முதலாண்டு கார்டாக இருந்தும் பிரமாதமாக ஆடினார். விதிவிலக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை.)

2025இலும் அதே வார்ப்பு. ஃபுளோரிடாவின் மூன்று கார்டுகளும் போர்ட்டல் ஆட்கள்: வால்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்து, வில் ரிச்சர்ட் பெல்மாண்டிலிருந்து, அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து. உயரமானவர்களில் அலெக்ஸ் காண்டனும் தாமஸ் ஹாவும் பள்ளி முடித்து நேரே ஃபுளோரிடாவுக்கு வந்தவர்கள். இறுதியில் எதிரே நின்ற ஹூஸ்டனிலும் எல்.ஜே. கிரையர் பெய்லரிலிருந்து வந்தவர், மிலோஸ் உசான் ஓக்லஹோமாவிலிருந்து வந்தவர். உள்ளே ராபர்ட்ஸ், வீட்டுப்பிள்ளை. ஃபுளோரிடா 65-63 என்று வென்ற அந்தக் கடைசி நொடியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இமானுவேல் ஷார்ப் எழும்ப, கிளேட்டன் பாய்ந்து வந்து மறிக்க, ஷார்ப் பந்தைக் கீழே விட, தரையில் விழுந்து அதைப் பிடித்தவர் காண்டன்.

இது ஏன் தற்செயல் இல்லை என்கிறேன் என்றால், கார்டின் வேலை கண்ணுக்குத் தெரியும் வேலை. எறிவது, பந்தைக் காப்பது, பாஸ் கொடுப்பது. அயோனாவில் கூடை எந்த உயரமோ அதே உயரம்தான் ஃபுளோரிடாவிலும். சிறிய கல்லூரியில் இரண்டு வருடம் எறிந்தவரின் எறிதலை வீடியோவிலேயே எடைபோடலாம். உயரமானவரின் வேலை வேறு. எதிரணி திரை போடும்போது (தன் ஆளுக்கு வழி கிடைக்க நம்மவரை உடம்பால் மறிக்கும்போது) எவ்வளவு வெளியே வரவேண்டும், எப்போது திரும்பி ஓடவேண்டும், பின்னால் நின்று எந்தக் குரல் கொடுக்கவேண்டும் என்பதெல்லாம் அந்தந்தப் பயிற்சியாளரின் பாடம். அது இன்னொரு கல்லூரியிலிருந்து அப்படியே பெட்டியில் கட்டி வராது. உடம்பு தேறவும் வருடங்கள் ஆகும்.

இதற்கு எதிராக மிச்சிகனைக் காட்டலாம். 2023-24இல் எட்டே வெற்றி பெற்ற அணி, மறு வருடம் 27 வெற்றி, கடைசி 16. நடுவில் நின்றவர்கள் விளாட் கோல்டினும் யேலிலிருந்து வந்த டேனி உல்ஃபும். இருவருமே போர்ட்டல். ஆனால் கோல்டின், புதிய பயிற்சியாளர் டஸ்டி மேயோடு ஃபுளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து சேர்ந்தே வந்தவர். பாடத்தை முன்பே படித்தவர். உல்ஃப் விஷயத்தில் என் வாதம் தோற்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

இந்த ஏற்பாட்டில் அடிபடுவது சிறிய கல்லூரிகள், அது எனக்கு வலிக்கிறது. பெரிய கல்லூரிக்கு நல்ல கார்டு கிடைக்கிறார் என்றால் ஏதோ ஒரு அயோனா, ஒரு பெல்மாண்ட் அவரை வளர்த்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறது. 2022இல் 15ஆம் தரவரிசையில் இருந்து கடைசி எட்டு வரை போன செயின்ட் பீட்டர்ஸ் அணி, பயிற்சியாளர் ஷாஹீன் ஹாலோவே கிளம்பியதும் சில வாரங்களில் சிதறியது. 2025இல் கடைசி 16 அணிகளும் நான்கே பெரிய லீக்குகளைச் சேர்ந்தவை.

இப்போது கல்லூரிகளே நேரடியாகப் பணமும் கொடுக்கின்றன. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கைப்படி, ஒரு கல்லூரி எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் வருடம் சுமார் 2.05 கோடி டாலர் வரை தரலாம். கூடைப்பந்துக்கு 13 உதவித்தொகை என்றிருந்தது 15 பேர் என்றானது. கோவிட் காலத்தில் வீரர்களுக்கு ஆடக் கொடுத்த கூடுதல் வருடமும் தீர்ந்ததால் ஆறாம் ஆண்டு ராபர்ட்ஸ்கள் இனி அதிகம் அகப்படமாட்டார்கள். என்னிடம் கேட்டால், அந்தப் பணத்தின் முதல் பங்கு போர்ட்டலில் நிற்பவருக்குப் போகக்கூடாது. ஏற்கெனவே வீட்டில் இரண்டு வருடம் வளர்ந்த உயரமானவரை அடுத்தவன் கொத்திக்கொண்டு போகாமல் தக்கவைக்கப் போகவேண்டும். மீதியை வைத்துக் கார்டு தேடலாம்.

கோப்பை வாங்கிய கையோடு ஃபுளோரிடாவின் பயிற்சியாளர் டாட் கோல்டன் செய்ததும் கிட்டத்தட்ட இதுவே. கார்டுகள் மூவரும் கிளம்பினார்கள். காண்டனும் ஹாவும், வாஷிங்டன் ஸ்டேட்டிலிருந்து வந்து ஒரு வருடம் பழகிவிட்ட ரூபன் சினியெலுவும் தங்கினார்கள். காலியான இடத்துக்குப் பிரின்ஸ்டனிலிருந்து ஒரு கார்டு, ஆர்கன்சாவிலிருந்து ஒரு கார்டு வந்து சேர்ந்தார்கள்.