பெட்ரோல் மாடல் எஞ்சினுக்கு இக்னிஷன் வாங்கும்போது முதலில் வோல்டேஜைப் பாருங்கள்

என் மாடல் விமானத்தில் இருக்கும் செனோவா ஜி-26 எஞ்சின் பல வருடம் மேக்னெட்டோவில்தான் (சுற்றும் காந்தத்திலிருந்தே பொறிக்கு மின்சாரம் எடுக்கும் அமைப்பு) ஓடியது. தனி பேட்டரி வேண்டாம், சார்ஜ் கவலை இல்லை, அது பெரிய நிம்மதி. ஆனால் காந்தச் சக்கரம் வேகமாகச் சுற்றினால்தான் மேக்னெட்டோவில் பொறி வரும், கையால் ப்ராப்பை (ப்ரொப்பெல்லரை) எவ்வளவு வேகமாகத்தான் சுற்றிவிட முடியும்? அதோடு பொறி விழும் நேரம் முழு வேகத்துக்கு ஏற்றபடி முன்னாலேயே இருப்பதால், ஸ்டார்ட் பண்ணும்போது ப்ராப் எதிர்ப்பக்கம் உதைக்கும். விரல் போய்விடும், விளையாட்டில்லை.

எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிய பிறகு அந்தப் பயம் வெகுவாகக் குறைந்தது. ப்ராப் ஹப்பில் ஒரு சிறு காந்தம், அது கடந்துபோவதை உணரும் ஹால் சென்சார், பொறி கொடுக்கும் ஒரு எலக்ட்ரானிக் பெட்டி, அவ்வளவுதான். மெதுவாகச் சுற்றும்போது பொறி தாமதமாக விழும், வேகம் ஏற ஏற அதுவே முன்னே நகர்ந்து பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கிட்டத்தட்ட 28-30 டிகிரி முன்னால் போகும். ஐடில் நன்றாக நிற்கிறது, கையால் தட்டினாலே பிடித்துக்கொள்கிறது.

இப்போது என் இன்னொரு எஞ்சினான டிஎல்இ-55-லும் அதே மாதிரி பெட்டிதான். வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது வோல்டேஜ். பழைய பெட்டிகள் பல 4.8 முதல் 6 வோல்ட் வரைதான் தாங்கும். முழுசாகச் சார்ஜ் ஆன இரண்டு செல் லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 8.4 வோல்ட் கொடுக்கும், நேராக மாட்டினால் பெட்டி காலி. 8.4 வரை தாங்கும் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள், இல்லையென்றால் நடுவில் ரெகுலேட்டர் கட்டாயம். எனக்குப் பிடித்தது இரண்டு செல் லைஃப் (LiFe, லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, ஆனால் அதுவும் 6.6 வோல்ட் என்பதால் பழைய பெட்டிக்கு ஆகாது. ரிசீவர் (விமானத்தில் ரேடியோ சிக்னலை வாங்கும் கருவி) பேட்டரியிலிருந்து ஒயர் இழுக்கவே இழுக்காதீர்கள், தனி பேட்டரி வையுங்கள், ரிசீவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். எஞ்சினை டிரான்ஸ்மிட்டரிலிருந்தே அணைக்கும் ஆப்டிகல் கில் சுவிட்சும் போட்டுவிடுங்கள், காசு பார்க்கிற இடம் அது இல்லை.

மலிவு விலையில் வாங்கிய ஒரு பெட்டி, எஞ்சின் சூடானதும் நடுவானில் அணைந்துபோகும், இறக்கி ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். கார்புரேட்டரைத்தான் வெகுநாள் நோண்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் சூட்டில் சென்சார் வேலை செய்யவில்லை. இந்த அறிகுறி தெரிந்தால் கார்புரேட்டர் ஊசியைத் தொடுவதற்கு முன் சென்சாரை மாற்றிப் பாருங்கள். சென்சார் தனியாகக் கிடைக்கும் பெட்டியையே வாங்கச் சொல்வது இதனால்தான்.

பிளக் கேப் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா, மேலே பின்னியிருக்கும் உலோக உறை பிளக்கின் உடலைத் தொடுகிறதா என்று அடிக்கடி பாருங்கள். அது தளர்ந்தால் ரேடியோவுக்கு இரைச்சல் வரும். பிளக்கை எஞ்சினோடு சேர்க்காமல் வெளியே தொங்கவிட்டுப் பொறி சோதிக்க வேண்டாம், பெட்டியே போய்விடும். சிஎம்-6 பிளக்குக்கு இடைவெளி 0.45-0.5 மிமீ வைத்தால் போதும்.