வெனிஸில் பாட்டிலைக் காட்டினால் சும்மா தலையாட்டாதீர்கள்

வெனிஸ் போகிறவர்கள், அதிலும் நல்ல சாப்பாடு, நல்ல வைன் என்று தனியாகக் கொஞ்சம் காசு ஒதுக்கிக்கொண்டு போகிறவர்கள், இதை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். இரண்டு பேர் ஒருவேளை சாப்பிட்டதற்கு 267 யூரோ 68 சென்ட் அழுதுவிட்டு வந்திருக்கிறேன். பணம் போனதைக்கூட விடுங்கள், நான் குடித்தது என்ன வைன் என்பதே ராத்திரி ஹோட்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு போனை நோண்டும்போதுதான் தெரிந்தது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கடையின் பெயரைப் போடப் போவதில்லை. சான் மார்கோ சதுக்கத்திலிருந்து இரண்டு சந்து தள்ளி இருக்கிறது, வாசலில் ஒருவர் மெனு அட்டையோடு நின்று போகிற வருகிறவர்களை நாலு மொழியில் கூப்பிடுகிறார். அப்படிக் கூவி அழைக்கிற இடத்தில் உட்காரக் கூடாது என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அன்றைக்கு மழை, காலையிலிருந்து பாலம் பாலமாக ஏறி இறங்கி மனைவிக்குக் கால் வலி, உள்ளே வெள்ளைத் துணி விரித்த மேசைகள், உட்கார்ந்துவிட்டோம்.

முதல் அடி மீனில். மெனுவில் ரோம்போ என்ற தட்டை மீனுக்கு 7.50 என்று போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் 'எட்டோ' என்று இருந்தது. இத்தாலியில் எட்டோ என்றால் 100 கிராம், அந்த விலை 100 கிராமுக்குத்தான், முழு மீனுக்கு இல்லை. இது எனக்கு முன்பே தெரியும், தெரிந்த திமிரில்தான் மாட்டினேன். வெயிட்டர் ஒரு தட்டில் ஐஸ் பரப்பி மீனைக் கொண்டுவந்து காட்டி, இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும் என்றார். "எடை எவ்வளவுன்னு கேளுங்க" என்று மனைவி முழங்கையால் இடித்தாள். நான் பெரிய மனுஷன் மாதிரி, எண்ணூறு கிராம் இருக்கும், விடு என்றேன். பில்லில் 1.6 கிலோ. அதாவது 120 யூரோ. எடை போடுவது தலை, முள், தோல் எல்லாம் சேர்த்து, சமைக்கும் முன்னால். அதிலும் ரோம்போவில் கழிவு அதிகம். எங்கள் தட்டுக்கு வந்தது நாலு துண்டும் கொஞ்சம் உருளைக்கிழங்கும். அது நிஜமாகவே 1.6 கிலோ இருந்ததா என்று இனி கடவுளுக்குத்தான் தெரியும். ஏழரை என்று பார்த்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

சரி, மீன் என் அசட்டுத்தனம். வைன் அப்படி இல்லை, அது சுத்தமான ஏமாற்று.

வெரோனாவுக்கு மேலே இருக்கும் வால்பொலிசெல்லா மலைச்சரிவுகளில் விளைகிற அமரோனே எனக்கு ரொம்பப் பிடித்த வைன். கொர்வீனா முதலான திராட்சைகளைப் பறித்ததும் பிழியாமல், தட்டுகளில் பரப்பி மூன்று நான்கு மாதம் காயவைப்பார்கள், பழம் சுருங்கிச் சர்க்கரை திரண்ட பிறகுதான் பிழிவது. எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்றோடு போய்விடும், அதனால்தான் அந்த விலை. பிழிந்தபின் மிஞ்சுகிற சக்கையைத் தூக்கிப் போடாமல், அதன்மேல் சாதாரண வால்பொலிசெல்லா வைனை ஊற்றி இன்னொரு முறை புளிக்கவைத்து எடுப்பது ரிபாஸ்ஸோ. அதுவும் நல்ல வைன்தான், நானே அடிக்கடி வாங்குவேன், ஆனால் விலை பாதிகூட இருக்காது. இந்தக் கடையின் வைன் பட்டியலில் ஒரே தயாரிப்பாளரின் இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருந்தன, அமரோனே 95, ரிபாஸ்ஸோ 38. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்து, அமரோனே கேட்டேன்.

பாட்டிலை எப்படிக் கொண்டுவந்தார் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இடது கையில் மடித்த வெள்ளைத் துண்டு, அதன்மேல் பாட்டில் சாய்ந்திருக்கிறது, துண்டின் ஓரமும் கட்டைவிரலும் லேபிளின் கீழ்ப்பாதியை மூடியிருக்கின்றன. மேலே தெரிந்தது தயாரிப்பாளரின் சின்னமும் பெயரும் மட்டும். "அமரோனே, சிஞ்ஞோரே" என்றார், நான் தலையாட்டினேன், இரண்டு விநாடி ஆகியிருக்காது, கார்க் வெளியே வந்துவிட்டது. அப்புறம் துளி ஊற்றிக் கொடுத்தார். நான் கிளாஸைச் சுழற்றி, மூக்கை விட்டு, கண்ணைப் பாதி மூடி, "பெர்ஃபெத்தோ" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். குடிக்கும்போது கொஞ்சம் லேசாக இருக்கிறதே என்று தோன்றாமலில்லை, இளசான வருஷம் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெருமைக்கு ஒரு படமும் எடுத்தேன்.

அந்தப் படம்தான் காட்டிக்கொடுத்தது. ராத்திரி பெரிதாக்கிப் பார்த்தால், அதே சின்னம், அதே வெளிர்மஞ்சள் லேபிள், அதன் கீழே மெல்லிய தங்க எழுத்தில் ரிபாஸ்ஸோ. ஓரத்தில் ஆல்கஹால் 13.5 சதவீதம். அமரோனேக்குக் குறைந்தபட்சம் 14 இருந்தாக வேண்டும் என்பது விதி, கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் 15, 16 இருக்கும். அதோடு அமரோனே என்றால் லேபிளில் டிஓசிஜி என்று நாலெழுத்து இருக்க வேண்டும், இத்தாலிய வைன்களுக்கான மேல்நிலைத் தரச் சான்று அது, 2010 அறுவடையிலிருந்து அந்தத் தகுதி. என் படத்தில் டிஓசி என்று மூன்றே எழுத்து, அது அதற்குக் கீழ்ப்படி.

மறுநாள் காலையில் பில்லையும் போனையும் எடுத்துக்கொண்டு போனேன். இந்தப் பில்லே போராடி வாங்கியதுதான். முதல் நாள் அவர்கள் நீட்டியது கையால் கிறுக்கிய துண்டுச் சீட்டு, "ஸ்கொன்த்ரீனோ" என்று இரண்டு தடவை அழுத்திக் கேட்டபிறகுதான் மெஷினில் அடித்த ரசீது வந்தது. அதில் அமரோனே 95 என்று தெளிவாக இருந்தது. முதலாளி போல ஒருவர் நிதானமாகப் படத்தைப் பார்த்தார், இந்தப் பாட்டில் எங்கள் மேசையில் இருந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார், பக்கத்து மேசையுடையதாக இருக்கலாமே என்றார். என் மனைவியின் கை படத்தில் தெரிகிறது என்று காட்டினேன். அப்போது அவர் சொன்ன பதிலுக்கு என்னிடம் பதில் இல்லை: "நீங்கள் பாட்டிலைப் பார்த்தீர்கள், ருசி பார்த்தீர்கள், பெர்ஃபெத்தோ என்றீர்கள், முழு பாட்டிலையும் குடித்தீர்கள்." ஒரு காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றார். வித்தியாசம் 57 யூரோ, எனக்குக் கிடைத்தது வேண்டாம் என்று சொன்ன காபி.

விற்பதாகச் சொன்ன பொருளுக்குப் பதில் வேறொன்றைக் கொடுப்பது இத்தாலியக் குற்றவியல் சட்டத்தின் 515 ஆவது பிரிவில் குற்றம் என்பதை ஹோட்டல் வரவேற்பில் இருந்த அம்மாதான் சொன்னார். மதியம் ரயில் பிடிக்க வேண்டியிருந்ததால் புகார் கொடுக்கவில்லை, உங்களுக்கு நேரம் இருந்தால் கொடுங்கள். ரசீதே தர மறுத்தால் 117 க்கு அடியுங்கள், வரி விவகாரங்களைப் பார்க்கிற குவார்தியா தி ஃபினான்ஸாவின் எண். 2018 இல் இதே வெனிஸில் நாலு ஜப்பானிய மாணவர்களிடம் நாலு ஸ்டேக், ஒரு வறுத்த மீன் தட்டு, தண்ணீருக்கு 1,100 யூரோவுக்கு மேல் வாங்கிய கதை உலகம் முழுக்கப் பேசப்பட்டது, அதைப் படித்து அன்றைக்கு நான் சிரித்திருக்கிறேன்.

பில்லில் இன்னும் இரண்டு வரி. கோபெர்த்தோ என்று தலைக்கு 5 யூரோ, மேசைக்கும் ரொட்டிக்கும், அதற்குமேல் சர்வீஸ் 12 சதவீதம். மெனுவில் எழுதியிருந்தால் கடைக்காரர் இரண்டையும் வாங்கலாம், எழுதியிருந்தது, கடைசிப் பக்கத்தின் அடியில். அதனால் அதில் சண்டை போட முடியாது, உட்காரும் முன்னால் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அவ்வளவுதான். மீனென்றால் கண்ணெதிரே தராசில் வைக்கச் சொல்லி மொத்த விலையை ஒரு காகிதத்தில் எழுதி வாங்குங்கள்.

பாட்டில் வந்தால் கையில் வாங்குங்கள். கூச்சப்பட ஒன்றுமே இல்லை, திறப்பதற்கு முன்னால் காட்டுவதே நீங்கள் பெயரும் வருஷமும் படித்துப் பார்க்கத்தான். கேட்டது 2016, வந்தது 2019 என்றால் அப்போதே திருப்பி அனுப்பலாம், கார்க் போனபிறகு வாதாடுவது கஷ்டம். திறந்த பாட்டிலோடு வந்தால் தொடவே தொடாதீர்கள். துளி ஊற்றித் தருவது வேறு விஷயத்துக்கு, வைன் கெட்டிருக்கிறதா, நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி கார்க் வாடை அடிக்கிறதா என்று பார்க்க. எனக்கு இதெல்லாம் தெரியும், வருஷக்கணக்காக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த வெள்ளைத் துணியும் "சிஞ்ஞோரே"யும் சேர்ந்து என்னவோ செய்துவிட்டன.

வெனிஸே இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு ரயிலுக்கு முன்னால், அக்காதெமியா பாலத்தைத் தாண்டி டோர்சொதூரோ பக்கம் நடந்து கான்டினோனே ஜா ஸ்கியாவி என்ற வைன் கடைக்குப் போனோம். கோந்தொலா படகு செய்து பழுதுபார்க்கிற பழைய பட்டறைக்கு எதிரே, வாய்க்கால் ஓரம். சிக்கேத்தி என்கிற சின்ன ரொட்டித் துண்டுகள் கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக இருக்கும், நாங்கள் போனபோது ஒரு துண்டு ஒன்றரை, இரண்டு யூரோதான். அரைத்துக் குழைத்த கருவாட்டு பக்கலா ஒன்று, கோக்கோ தூள் தூவிய பச்சை டூனா ஒன்று, இந்த இரண்டாவது கேட்க ஒரு மாதிரி இருக்கும், சாப்பிட்டுப் பாருங்கள். வைனை 'ஓம்ப்ரா' என்று கேட்டால் சின்ன கிளாஸில் தருவார்கள், வெனிஸ்காரர்கள் அப்படித்தான் கேட்பார்கள். நான் ரிபாஸ்ஸோ இருக்கிறதா என்றேன். கல்லாவில் இருந்தவர் பாட்டிலை எடுத்து லேபிளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஊற்றினார், நான் குனிந்து கடைசி எழுத்துவரை படித்தேன், மனைவி சிரித்ததில் கையிலிருந்த ரொட்டி வாய்க்காலில் விழுந்துவிட்டது.