ரீச் சான்றிதழ் தருகிறேன் என்று ₹1,84,000 வாங்கி ஏமாற்றிவிட்டார்கள்: கற்பூரம் ஏற்றுமதி செய்கிறவர்கள் கவனம்

கும்பகோணம், மாயவரம், திருவாரூர் பக்கம் பூஜை சாமான் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் இதைத் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். கோபம் இன்னும் அடங்கவில்லை, வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் நிறுவனம் இழந்தது ₹1,84,000. கையில் மிஞ்சியது உதவாத ஐந்து பிடிஎஃப்.

சரக்கு பெரியதில்லை. ஜெர்மனியில் உள்ள ஒரு தமிழ்க் கடைக்கு 640 கிலோ கற்பூர வில்லை. 100 கிராம் பாக்கெட், பெட்டிக்கு 10 கிலோ, மொத்தம் 64 பெட்டி. வாங்குகிறவர் கேட்டது மூன்று: ஜெர்மன் மொழியில் எஸ்.டி.எஸ். எனும் பாதுகாப்புத் தரவுத்தாள், பாக்கெட்டுக்கு லேபிள், ரீச் எனும் ஐரோப்பிய ரசாயனப் பொருள் சட்டப்படி நிலை என்ன என்ற பதில். ஏற்றுமதியாளர்களையும் ஆலோசகர்களையும் இணைத்துவிடும் ஓர் ஆன்லைன் தளத்தில் விசாரித்தோம். அரை மணி நேரத்தில் ஒருவர் வீடியோ காலில் வந்தார்.

அந்தப் பேச்சுதான் ஆளைக் கவிழ்த்தது. "நமக்கும் பூர்வீகம் சீர்காழி பக்கம்தாண்ணே, நம்மூர்க்காரங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்" என்றார். கற்பூரத்தின் சி.ஏ.எஸ். எண் (ரசாயனப் பொருளுக்கான அடையாள எண்) 76-22-2 என்று தாளைப் பார்க்காமலே சொன்னார். ஹெல்சிங்கியில் உள்ள ஐரோப்பிய ரசாயன முகமையின் சின்னம் போட்ட நாலைந்து 'சான்றிதழ்'களைத் திரையில் ஓட்டிக் காட்டினார், பெயர்களை மட்டும் கறுப்படித்து. ஊர்ப்பேச்சும் பேசி, தொழில் எண்ணையும் மனப்பாடமாகச் சொல்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்? மாதக் கடைசிக்குள் முழுப் பணமும் கட்டினால் பழைய கட்டணம், தாண்டினால் கூடும் என்றார். ரீச் சான்றிதழ் ₹1,10,000, எஸ்.டி.எஸ். ₹22,000, லேபிள் ₹14,000, லேபிளில் போடும் யு.எஃப்.ஐ. எனும் அடையாளக் கோடு ₹18,000, கப்பல் பேப்பர் ₹20,000. ஆக ₹1,84,000, ஏழு நாளில் எல்லாம் கைக்கு வரும் என்றார்.

வந்ததும் உண்மை. வந்தது என்ன என்பதைத்தான் இனி விவரமாகச் சொல்கிறேன். சட்ட வாசகங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தபின் எழுதுகிறேன்.

முதலில் அந்த ₹1,10,000 சான்றிதழ். ரீச் என்பது 2007 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். அதில் பதிவுக் கடமை ஐரோப்பாவில் தயாரிப்பவருக்கும் இறக்குமதி செய்பவருக்கும்தான். கும்பகோணத்தில் இருக்கும் நிறுவனம் நேரடியாகப் பதியவே முடியாது. வேண்டுமானால் அங்கே 'ஒன்லி ரெப்ரசென்டேட்டிவ்' என்று ஒருவரை நியமித்து அவர் வழியாகப் பதியலாம். அந்தக் கடமையும் ஓர் இறக்குமதியாளர் ஒரே பொருளை ஆண்டுக்கு 1 டன் அல்லது அதற்கு மேல் கொண்டுவந்தால்தான் வரும். எங்களிடம் வாங்குகிறவர் வருடம் முழுக்க எடுக்கும் கற்பூரமே 640 கிலோ. பதிவே தேவையில்லை! தேவையே இல்லாத ஒன்றுக்கு ₹1,10,000.

சான்றிதழில் கொடுத்த பதிவெண்ணாவது உண்மையா என்றால், அது 05 என்று தொடங்குகிறது. முழுப் பதிவெண் 01-இல் தொடங்கும். 05 என்பது பழைய முன்பதிவு எண். முன்பதிவு செய்தவர்களுக்குக் கொடுத்த கடைசிக் கெடு 2018 மே 31. அதன்பின் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. யாரோ எப்போதோ வாங்கிய எண்ணை எங்கள் பெயருக்குக் கீழே ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பொருளுக்குப் பதிவு செய்கிறவர்கள் கூட்டாகச் செய்ய வேண்டும், ஏற்கெனவே பதிந்தவர்களிடம் ஆய்வுத் தரவைப் பயன்படுத்தும் உரிமையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஏழு நாளில் முடிகிற வேலையா இது? முகமை யாருக்கும் 'ரீச்சுக்கு உட்பட்டவர்' என்று சான்றிதழ் அச்சடித்துத் தருவதும் கிடையாது.

அடுத்தது எஸ்.டி.எஸ். பதினாறு பிரிவும் இருக்கிறது, பார்வைக்குச் சுத்தம். இரண்டாம் பிரிவில் எச்228, எளிதில் தீப்பற்றும் திடப்பொருள் என்று போட்டிருக்கிறது. பதினான்காம் பிரிவில், போக்குவரத்துக்கு அபாயமற்ற சரக்கு என்று இருக்கிறது. ஒரே ஆவணத்தில் இரண்டும்! எப்படி வந்தது என்று ஒன்பதாம் பிரிவைப் பார்த்தால் தெரிகிறது. ஃப்ளாஷ் பாயின்ட், அதாவது ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலை, 66 டிகிரி என்று இருக்கிறது. 60-க்கு மேல் போனால் தீப்பற்றும் திரவம் என்ற மூன்றாம் வகுப்பில் வராது, அதை வைத்து 'அபாயமற்றது' என்று எழுதிவிட்டார். அது திரவத்துக்கான கணக்கு. கற்பூரம் திடப்பொருள். திடப்பொருளுக்கு, பொடியை 250 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கோடாகக் கொட்டி ஒரு முனையில் பற்றவைத்து, அதில் 100 மில்லிமீட்டர் தூரத்தை 45 விநாடிக்குள் தீ கடக்கிறதா என்று பார்ப்பார்கள். கற்பூரத்துக்கு அந்தச் சோதனை பற்றிய பேச்சே வேண்டாம், ஐ.நா.வின் அபாயச் சரக்குப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறது: யு.என். 2717, செயற்கைக் கற்பூரம், வகுப்பு 4.1 (தீப்பற்றும் திடப்பொருள்), மூன்றாம் பேக்கிங் குரூப் (அபாயம் குறைந்த நிலை). டர்பன்டைனிலிருந்து செய்யும் நம் பூஜைக் கற்பூரம் இதுதான். ஆரத்தித் தட்டில் ஒரு வில்லை எரிவதைப் பார்த்த குழந்தைக்குக்கூடத் தெரியும் இது தீப்பற்றும் என்று. பெட்டிக்குள் அடைத்து வைத்தாலும் கற்பூரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதை 'அபாயமற்றது' என்று கப்பலில் ஏற்றச் சொன்னவர்கள் பணத்தை மட்டுமா எடுத்தார்கள்? கப்பலில் வேலை செய்கிறவன் உயிரையும் பணயம் வைத்தார்கள்.

லேபிளைக் கையில் எடுத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. தீச்சுடர் படத்தைச் சுற்றிச் சாய்சதுரக் கட்டம் சிவப்பாக இருக்க வேண்டும். இவர்கள் ஒரே நிறத்தில், கறுப்பில் அடித்திருக்கிறார்கள். மூன்றாம் பேக்கிங் குரூப்புக்கு லேபிள் விதியில் பொருந்துவது இரண்டாம் அபாய நிலை, அதற்கு ஜெர்மனில் 'ஆக்டுங்' என்று எச்சரிக்கைச் சொல் வரவேண்டும். இவர்கள் போட்டது 'கெஃபார்', அது முதல் நிலைக்கானது. அங்கே விற்பவரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் கும்பகோணம் முகவரி. 3 லிட்டர் வரையான பாக்கெட்டுக்கு லேபிள் அளவு முடிந்தவரை 52-க்கு 74 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், இவர்களுடையது அதில் பாதி.

யு.எஃப்.ஐ. கோடு பற்றி ஒரே வரி. அந்தப் பதினாறு எழுத்துக் கோடு கலவைகளுக்கு மட்டும். தனிப் பொருளான கற்பூரத்துக்கு அது கிடையாது. ₹18,000 போச்சு.

கப்பல் பேப்பரில் இரண்டு தாள். ஒன்று 'அபாயமற்ற சரக்கு' என்ற கடிதம். இன்னொன்று ஐ.நா. தர அட்டைப்பெட்டிச் சான்று. அபாயமற்றது என்றால் அந்தப் பெட்டி எதற்கு? உண்மையில் இரண்டும் வேண்டாம். கடல் வழிக்கான ஐ.எம்.டி.ஜி. விதிப்படி இந்தக் கற்பூரம் உள் பாக்கெட் 5 கிலோவுக்கும் பெட்டி மொத்த எடை 30 கிலோவுக்கும் மிகாமல் இருந்தால் 'லிமிட்டட் குவான்டிட்டி', அதாவது சிறு அளவுக்கான சலுகை. எங்கள் பெட்டி அதற்குள் அடங்கும். சோதனை செய்த பெட்டி தேவையில்லை, ஆனால் நல்ல உறுதியான பெட்டி வேண்டும். மேல் முனையும் கீழ் முனையும் கறுப்பாக, நடுவில் வெள்ளையாக உள்ள 100 மில்லிமீட்டர் சாய்சதுரக் குறி ஒட்ட வேண்டும். அபாயச் சரக்கு அறிவிப்பில் யு.என். எண், பெயர், வகுப்பு, பேக்கிங் குரூப், 'லிமிட்டட் குவான்டிட்டி' என்று கட்டாயம் எழுத வேண்டும். அளவு குறைந்தால் அறிவிக்க வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள், தவறு.

சரக்கைச் சேர்த்து அனுப்பும் நிறுவனம் (ஃபார்வர்டர்) தரவுத்தாளின் இரண்டாம் பிரிவையும் பதினான்காம் பிரிவையும் பார்த்த உடனே திருப்பிவிட்டது. பெட்டிகள் துறைமுகக் கிடங்கில் நின்றன. அந்த வாடகை தனி, ₹1,84,000-இல் சேராது.

அதன்பிறகு அவர்கள் சொன்ன சாக்குகளைக் கேளுங்கள். முதலில், "உங்க ஃபார்வர்டருக்கு விவரம் பத்தலண்ணே." பிறகு, "டெக்னிக்கல் டீம் பாக்குது சார்." அண்ணே போய் சார் வந்துவிட்டது. பிறகு, "எடுத்த சர்வீஸுக்கு ரீஃபண்ட் பாலிசி கிடையாது." 05 என்ற எண்ணைப் பற்றிக் கேட்டு அனுப்பிய செய்தியில் நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் அவருடைய போன் எண்ணே முடக்கம். இணைத்துவிட்ட தளமோ, "நாங்கள் அறிமுகம் செய்பவர்கள் மட்டுமே, கட்டணம் உங்களுக்கும் ஆலோசகருக்கும் இடையிலானது" என்று அச்சடித்த பதிலையே ஒவ்வொரு முறையும் அனுப்புகிறது. பில்லை மறுபடி எடுத்துப் பார்த்தால் ஜி.எஸ்.டி. எண்ணில் 14 எழுத்துதான். 15 இருக்க வேண்டும்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அவசரத்துக்கு இவ்வளவுதான். யார் ரீச் பற்றிப் பேசினாலும் முதலில் வாங்குகிறவரின் ஆண்டு அளவைக் கேளுங்கள், 1 டன்னுக்குக் கீழ் என்றால் பதிவுக்குக் காசு கொடுக்காதீர்கள். லேபிள் கடமை மட்டும் அளவு எவ்வளவு குறைந்தாலும் உண்டு. பொருளின் வகைப்பாட்டை முகமைக்கு அறிவிப்பது இறக்குமதியாளர் வேலை, அதற்குக் கட்டணம் இல்லை. பிரிட்டனுக்கு ரீச் தனி, சுவிட்சர்லாந்துக்குச் சட்டமே வேறு, 'எல்லாவற்றுக்கும் ஒரே சான்றிதழ்' என்றால் உடனே போனைத் துண்டியுங்கள். எஸ்.டி.எஸ். வந்ததும் இரண்டையும் பதினான்கையும் ஒப்பிடுங்கள். முழுப் பணத்தை முன்னால் தராதீர்கள்.

பணம் போனவர்கள் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். ஏற்கெனவே இப்படிச் சான்றிதழ் வாங்கி வைத்திருப்பவர்கள் எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை இன்றே பாருங்கள். 05 அல்லது 17 (இதுவும் பழைய முன்பதிவு எண்தான்) என்று இருந்தால் அடுத்த பெட்டியை ஏற்றாமல் நிறுத்துங்கள்.