435,000 ரூபா போச்சு: பழைய லான்ட்மாஸ்ரர் வாங்கப்போறவை கவனம்

கை இன்னும் நடுங்குது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. பழைய ரெண்டு சில்லு லான்ட்மாஸ்ரர், அதுதான் கையால பிடிச்சு உழுகிற சின்ன ரக்ரர், ஒண்டை எப்பிடிப் பாத்து வாங்கிறதெண்டு ஆறுதலா விவரமா எழுதத்தான் இருந்தனான். இப்ப எரிச்சல்தான் முன்னுக்கு வருது.

நீர்வேலியில எனக்கு ஆறு பரப்புச் செம்மண். குத்தகைக்கு இன்னும் பத்துப் பரப்பு. ஒழுங்கை ஒடுக்கம், பெரிய ரக்ரர் உள்ளுக்கு வராது. உழவும் அடிச்சு, வெங்காயத்தை மருதனார்மடம் சந்தைக்கும் ஏத்த, பின்னால கொழுவி இழுக்கிற பெட்டியோட சின்ன மெசின் ஒண்டு வேணும். கனடாவில இருக்கிற மருமகன் ஏ.ரி.வி எண்ட நாலு சில்லு மோட்டார்சைக்கிள் மாதிரி வண்டியின்ர படமெல்லாம் அனுப்பினவன், "மாமா, இஞ்ச பண்ணைக்காரர் உதைத்தான் வைச்சிருக்கினம்" எண்டு. சாமான் ஏத்தும், பெட்டி இழுக்கும், சரி. எங்கட செம்மண்ணைக் கிண்டிப் பிரட்டுமோ? ஒரு போல்ட் உடைஞ்சா நான் எங்க போய்த் தேடுறது? அந்தக் கதையை அதோட விட்டன்.

பழைய வாகனம் விக்கிற ஒரு இணையத்தளத்திலதான் விளம்பரம் கண்டன். எல்லாரும் பாக்கிற தளம்தான், பேர் வேண்டாம். "ஜப்பான் எஞ்சின், ஒரு கை பாவிச்சது, பெட்டி, ரொட்டரியோட 435,000." ரொட்டரி எண்டா மண்ணைக் கிண்டுற சுழல் கத்தி. மனுசியின்ர சங்கிலியையும் காப்பையும் அடைவு வைச்சுக்கொண்டு பரந்தன் பக்கம் பஸ் ஏறினன்.

நான் போய் இறங்கேக்க மெசின் முத்தத்தில ஓடிக்கொண்டு நிண்டது. சில்லெல்லாம் ஈரச் சேறு. "இப்பதான் அண்ணை வயலால வந்தனான்" எண்டார் விக்கிறவர். அவற்ற மனுசி பிளேன் ரீயும் பனங்கட்டியும் கொண்டு வந்து தந்தா. மூண்டு வயசுப் பிள்ளை ஒண்டு ஓடி வந்து என்ர மடியில ஏறி இருந்திட்டுது. அதோட என்ர மூளை நிண்டிட்டுது. எஞ்சினை நிப்பாட்டி ஆறவிட்டுத் திருப்பி ஸ்ராட் பண்ணிக் காட்டுங்கோ எண்டு கேக்க வாய் வரேல்லை. பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு தகப்பனைச் சந்தேகப்படுறதோ? 435,000 ரூபாவையும் சாமிப்படத்துக்கு முன்னால வைச்சு எண்ணினார். காசு வாங்கினதுக்குத் துண்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்டன். "எங்களுக்குள்ள என்ன அண்ணை துண்டு" எண்டு சிரிச்சார். நானும் சேந்து சிரிச்சன், விசரன்.

வாகனம் பிடிச்சு வீட்டை கொண்டு வந்து, பின்னேரம் தண்ணி அடிச்சுக் கழுவேக்கதான் முதல் இடி. சேறு போகப் போக ரொட்டரிக் கத்தியெல்லாம் செங்கட்டி நிறத்தில துரு. நெடுக உழுகிற கத்தியெண்டால் மண் தேய்ச்சுத் தேய்ச்சு வெள்ளிக் கரண்டி மாதிரி மினுங்கவேணும். நாற்பது வருசத் தோட்டக்காரன் எனக்கு அது தெரியாததோ? சேத்தை அள்ளிப் பூசியெல்லோ வைச்சிருக்கினம்.

அடுத்த நாள் விடிய கைப்பிடியைப் போட்டுச் சுத்தினன், சுத்தினன், தோள் கழண்டதுதான் மிச்சம். பக்கத்து வீட்டுப் பெடியள் வந்து சுத்தித்தான் பத்தியது. உடன ஒழுங்கை மறையிற அளவுக்கு நீலப் புகை. கோண்டாவிலில இருந்து மெக்கானிக்கைக் கூட்டி வந்தன். ஒயிலைத் தொட்டு ரெண்டு விரலுக்கு நடுவில இழுத்துக் காட்டினார், தேன் மாதிரி இழுபடுது. புகையை அடக்கக் கியர் ஒயில் கலந்திருக்காம். எஞ்சின் ஓடேக்க மேல தண்ணி விடுற வாயைப் பாக்கச் சொன்னார். சோறு கொதிக்கிற மாதிரிக் குமிழ் வருது. ஹெட் கஸ்கெற் பழுதாப் போச்சு, லைனரும் பிஸ்டனும் தேஞ்சிட்டுதாம். ஜப்பான் ஸ்ரிக்கரை நகத்தால சுரண்டினார், கீழ சீன எழுத்து. கடைசியா எஞ்சின் இலக்கம். வாகனப் பதிவுப் புத்தகத்தில ஒண்டு, இரும்பில வேற ஒண்டு. புத்தகத்தில இருக்கிற பேரும் அவற்ற இல்லை. சுவிஸில இருக்கிற ஆரோ, வாங்கிறவர் பேர் எழுதாமல் கையெழுத்து மட்டும் வைச்சுவிட்ட ஓப்பின் பேப்பர். ஒரு கையாம்!

போன் எடுத்தன். முதல் நாள் "அண்ணை, உங்களுக்கு ஓட்டத் தெரியேல்லை." ரெண்டாம் நாள் "செத்த வீட்டில நிக்கிறன், பிறகு எடுங்கோ." மூண்டாம் நாள் மனுசி எடுத்து, "அவர் கொழும்புக்குப் போட்டார்." எனக்குப் பனங்கட்டி தந்த அதே குரல். பிறகு என்ர இலக்கத்தைத் தடை போட்டாச்சு. தளக்காரருக்கு எழுதினன். தாங்கள் விளம்பரம் மட்டும்தான் போடுறதாம், விக்கிறவருக்குத் தாங்கள் பொறுப்பில்லையாம், ஆங்கிலத்தில நாலு வரி. முறைப்பாடு குடுத்த அண்டு பின்னேரமே விளம்பரத்தைத் தூக்கிப்போட்டினம். படத்தைக்கூட நான் எடுத்து வைக்கேல்லை. பொலிஸில முதல் கேள்வி, காசு குடுத்ததுக்கு என்ன அத்தாட்சி? 435,000 ரூபாவுக்கு என்னட்ட இருக்கிறது ஒரு பிளேன் ரீ.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிப்போட்டுப் போறன். போகேக்க மெசின் சூடா நிண்டா ஆறும்வரைக்கும் இருங்கோ, இல்லாட்டித் திரும்பி வாங்கோ; ஆறின எஞ்சினை ஸ்ராட் பண்ணேக்கதான் பழுது தெரியும். கத்தியைப் பாருங்கோ. தண்ணி வாயில குமிழைப் பாருங்கோ. மெக்கானிக்குக்குக் குடுக்கிற கூலியைப் பாத்து என்னை மாதிரிக் கஞ்சத்தனம் பிடியாதேங்கோ. விளம்பரத்தைக் கண்ட உடனயே படம் எடுத்து வைச்சிருங்கோ. புத்தகத்தில இருக்கிற ஆளே நேரில வந்து உரிமை மாத்துற எம்.ரீ.ஏ 6, எம்.ரீ.ஏ 8 படிவத்தில கையெழுத்து வைக்காமல் ஒரு சதமும் குடுக்கவேண்டாம். "முழு உரிமையாளர்" எண்ட இடத்தில லீசிங் கொம்பனிப் பேர் கிடந்தால் கடன் முடியேல்லை எண்டு அர்த்தம். இலக்கத்தில சந்தேகமெண்டா கச்சேரியில, அதுதான் மாவட்டச் செயலகத்தில, மோட்டார் போக்குவரத்துக் கந்தோரில கேட்டிட்டுக் காசை எடுங்கோ.

இன்னும் கனக்க இருக்கு, பிறகு எழுதுறன். விதை வெங்காயம் முளை கட்டத் துவங்கீட்டுது. கூலிக்குப் பிடிச்ச மெசின் ஒழுங்கையால வாற சத்தம் கேக்குது.