தட்டுவடை செட்டா, பக்கெட் சிக்கனா: சேலத்தில் எந்தப் பெயரை நம்பிச் சாப்பிடுவது?

சேலத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பசித்தால் மூன்று வழி இருக்கிறது. தெருமுனையில் தட்டுவடை செட் வண்டி. ஏசி போட்ட பன்னாட்டுக் கடை. அப்புறம் ‘பாஸ்ட் புட்’ என்று பலகை மாட்டி ஃப்ரைடு ரைஸ் கிளறும் கடை. விடுமுறை நாளாக இருந்தால் நாலாவதாக ஏற்காடு ஏரிப் பக்கத்து மிளகாய் பஜ்ஜி.

ருசியை நான் ஒப்பிடவில்லை, அது அவரவர் நாக்கு. சாப்பிட்டவர் மனம் நிறைந்து எழுந்திருக்கிறாரா, கடையின் பெயர் எதை வைத்து நிற்கிறது, ஏதாவது கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்று மட்டும் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் பத்து வயதுப் பெண் பக்கெட் சிக்கன் கேட்கிறாள், அவளுடைய பாட்டி செட் கேட்கிறார். அதனால் இந்தக் கேள்வி வாராவாரம் எனக்கு வந்துவிடுகிறது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. சின்னத் தட்டுவடை ஒன்றின்மேல் காரச் சட்னியும் பச்சைச் சட்னியும் தடவி, துருவிய கேரட், பீட்ரூட், நறுக்கிய வெங்காயம் வைத்து இன்னொரு தட்டுவடையால் மூடினால் அது செட். அதையே நொறுக்கிக் கலந்து கொடுத்தால் நொறுக்கல். மாங்காய்க் காலத்தில் மாங்காய்த் துருவலும் சேரும். அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டைப் பக்கம் இந்த வண்டிகள் பலவற்றுக்குப் பெயரே கிடையாது. ‘கோயில் முனைக் கடை’, ‘அக்கா கடை’ என்றால் தெருவுக்கே புரியும்.

போன ஐப்பசி மழையில் நான் வழக்கமாகப் போகும் வண்டியில் நின்றிருந்தேன். அக்கா ஒரு தட்டுவடையை எடுத்து விரலால் சுண்டிப் பார்த்தார். சத்தம் சரியில்லை. “இரு கண்ணு, இது நமத்துப்போச்சு” என்று அந்த டப்பாவையே கீழே இறக்கிவிட்டு வேறு டப்பாவைத் திறந்தார். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கும் முன்பே குறை தீர்ந்துவிட்டது.

அதற்கு அடுத்த மாதம் மகளின் பிறந்தநாளுக்குப் பெயர்பெற்ற ஒரு பன்னாட்டுக் கடையிலிருந்து ஆன்லைனில் வரவழைத்தோம். பெட்டியைத் திறந்தால் அவள் ஆசையாகக் கேட்ட பொருள் மட்டும் இல்லை. பில்லை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். கவுன்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். “ஆப்ல கம்ப்ளெய்ன்ட் போட்டுடுங்க, இங்க எங்களால ஒண்ணும் பண்ண முடியாது” என்றான். மூன்றாவது நாள் பணம் திரும்பி வந்தது. கணக்குப்படி எனக்கு நஷ்டம் ஒரு பைசா இல்லை. பிறந்தநாள்தான் முடிந்துபோயிருந்தது. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமே இல்லை. ஒரு துண்டுக் கோழியை எடுத்துக் கொடுக்கும் அதிகாரம்கூட அவனுக்கு இல்லை என்பதுதான் வருத்தம். வண்டியில் முதலாளி, சமையல், கல்லா, புகார்ப் பிரிவு எல்லாம் அந்த அக்கா ஒருவரே.

இங்கே நிறுத்தினால் வண்டிக்கே வெற்றி. ஆனால் அது நியாயமில்லை. அன்று எனக்குத் திரும்பி வந்தது பணம். வந்தது வயிற்றுவலியாக இருந்திருந்தால்? பன்னாட்டுக் கடையில் பில் இருக்கிறது, பில்லில் நேரம் இருக்கிறது, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறது. நுகர்வோர் ஆணையம்வரை போகலாம். வண்டியில் சாப்பிட்டதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு வண்டிக் கடையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தச் சான்றிதழை வண்டியில் ஒட்டிவைத்திருப்பவரைப் பார்த்தால் எனக்குத் தனி மதிப்பு வருகிறது. சட்னிக்கு என்ன தண்ணீர், காசு வாங்கிய கையாலேயே செட் வைக்கிறாரா என்பதையெல்லாம் நாமே கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் பச்சைச் சட்னியை நான் வேண்டாமென்று சொல்வதும் அதனால்தான்.

மனநிறைவு என்பதை ஆராய்ந்தவர்களில் ரிச்சர்ட் ஆலிவர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1980-இல் எழுதியது இங்கே பொருந்துகிறது. எதிர்பார்த்தது ஒரு பக்கம், கிடைத்தது ஒரு பக்கம், இரண்டுக்கும் இடையிலான தூரம்தான் திருப்தியையோ ஏமாற்றத்தையோ தீர்மானிக்கிறது என்றார். வண்டிக் கடை எதையும் வாக்குக் கொடுப்பதில்லை. விளம்பரப் படத்தில் பர்கர் கோபுரம்போல் நிற்கிறது, பெட்டிக்குள் அது அமுங்கிக் கிடக்கிறது. கொடுத்த வாக்கே கடைக்கு எதிரியாகிவிடுகிறது.

தெரிந்த பெயர் வேறு, நல்ல பெயர் வேறு. அமெரிக்காவில் 1994 முதல் வாடிக்கையாளர் திருப்தியை நூற்றுக்கு இத்தனை என்று அளந்து வெளியிடுகிறார்கள். துரித உணவுக் கடைகளில் 2015 முதல் பல ஆண்டுகள் முதலிடத்தில் நின்றது சிக்-ஃபில்-ஏ என்ற கோழிக் கடை. ஞாயிற்றுக்கிழமை கடையே திறக்காதவர்கள் அவர்கள். உலகமே அறிந்த மெக்டொனால்ட்ஸ் அந்தப் பட்டியலில் பலமுறை கடைசி இடத்திலோ அதற்குப் பக்கத்திலோதான் இருந்திருக்கிறது. ஆனாலும் கூட்டம் குறையவில்லை. தெரியாத ஊரில் தெரிந்த பலகையைப் பார்த்தால் மனம் அங்கேதான் போகிறது. பெரிதாக மகிழ்ச்சி கிடைக்காது, மோசமாக ஏமாறவும் மாட்டோம் என்ற நிம்மதிக்குத்தான் அங்கே காசு கொடுக்கிறோம்.

பெரிய கடைகளிடம் எனக்குப் பிடித்தது, சபையில் தவறை ஒப்புக்கொள்ளத் துணிந்த சில சமயங்கள். 2009-இல் டொமினோஸ் அமெரிக்காவில், தன் பீட்சா அட்டைபோல் இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் திட்டியதையே விளம்பரமாகக் காட்டியது. மாவு, சாஸ், சீஸ் எல்லாவற்றையும் மாற்றியது. அதன்பின் விற்பனை நன்றாக ஏறியது. 2018 பிப்ரவரியில் பிரிட்டனில் கேஎஃப்சி, சரக்கு கொண்டுவரும் நிறுவனத்தை மாற்றியதும் கோழியே வந்து சேரவில்லை. அங்கிருந்த சுமார் 900 கடைகளில் பாதிக்கு மேல் மூடிக் கிடந்தன. காலிப் பக்கெட்டில் தன் ஆங்கிலப் பெயரின் மூன்று எழுத்தை ‘FCK’ என்று இடம் மாற்றி, தன்னையே திட்டிக்கொள்வதுபோல் அச்சிட்டு, முழுப்பக்கம் மன்னிப்புக் கேட்டது. பெயர் அதோடு நிமிர்ந்தது. அந்த மனசு கவுன்டர்வரை இறங்கி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

தட்டுவடைக்கு இதில் ஒரு பெரிய பலவீனம் உண்டு. இன்று சென்னையிலும் கோவையிலும் ‘சேலம் தட்டுவடை செட்’ என்று பலகை தெரிகிறது. பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார்? பன்னாட்டுக் கடையின் ஒரு கிளை மோசமாக நடந்தால் தலைமை நிறுவனம் உரிமத்தைப் பறிக்கலாம். எங்கோ ஒருவர் பழைய எண்ணெய் வாடை அடிக்கும் தட்டுவடையில் தக்காளி சாஸை ஊற்றிக் கொடுத்தால், கெட்ட பெயர் எங்கள் ஊருக்கு. தட்டிக் கேட்க ஆள் இல்லை. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செட்டுக்கும் இன்னதுதான் சேலம் செட் என்று பக்குவத்தை எழுதிவைக்க வேண்டும். வண்டிக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து அதைச் செய்தால் முதல் ஆளாக நான் போய் நிற்பேன்.

பாஸ்ட் புட் கடையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. விலைக்கு வயிறு நிறைகிறது, மாஸ்டர் மாறினால் ருசியும் மாறுகிறது. அங்கே பெயர் மாஸ்டரோடுதான் நடமாடுகிறது.

ஏற்காடு வேறு கணக்கு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர் பஜ்ஜி தின்றுவிட்டு இறங்கிப் போனால், திரும்பி வர ஒரு வருஷம் ஆகலாம், வராமலும் போகலாம். அக்காவுக்கு என் முகம் நாளைக்கும் வேண்டும். மலையில் சீசன் கடைக்கு அது வேண்டியதில்லை. மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் எண்ணெய் காலையிலிருந்து ஒரே சட்டியில் கொதிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பொரித்த எண்ணெயில், திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும் என்பது 2018 ஜூலை முதல் விதி. அதை அளக்கக் கருவி வேண்டும், நமக்கு இருப்பது கண்ணும் மூக்கும்தான். எண்ணெய் கறுத்து நுரைத்தால் நகர்ந்துவிடுவேன். கைப்பேசியில் தெரியும் நட்சத்திர எண்ணிக்கையையும் நான் அதிகம் நம்புவதில்லை. மலைக்காற்றும் ஏரியும் கொடுத்த சந்தோஷம் பஜ்ஜியின் கணக்கில் ஏறியிருக்கும்.

அதனால் என் வழக்கம் இப்போது இப்படி. உள்ளூரில் மழை இல்லாத நாளில் அக்கா கடை. இரவு ரயிலேறிப் பழக்கமில்லாத ஊரில் இறங்கினால், பிள்ளை கையில் இருந்தால், பலகை தெரிந்த பன்னாட்டுக் கடை. ஏற்காட்டில் ஏரியை விட்டு நகர்ந்து பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிடுவேன். காபி எஸ்டேட் வேலை முடிந்து வருகிறவர்களும் டிரைவர், கண்டக்டர்களும் எந்தக் கடையில் நின்று டீ குடிக்கிறார்களோ, அங்கேதான் பஜ்ஜி வாங்குவேன். அவர்கள் நாளைக்கும் வருவார்கள், கடைக்காரருக்கும் அது தெரியும்.